சனிமூலை மண்

இருபது வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். அந்த அறை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: யார் வாயையும் நம்பக் கூடாது. "நேத்து ஏழு மணிக்கு ரெண்டு இட்லி தின்னேன், அம்புட்டுதான்" என்று கையை நீட்டுவார்கள். பக்கத்தில் போனால் பால்கோவா வாசம் வரும். இன்னொரு வகை உண்டு. அவர்கள் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே பாகற்காயும் வெந்தயமுமாகத் தின்று, காலை மாலை நடந்து, ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வருவார்கள். ரிப்போர்ட் நன்றாக வரும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போவார்கள். இவர்களுக்கென்றே மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது. அதை ஏமாற்ற முடியாது.

சந்தேகம் எனக்கு வேலையோடு வந்தது அல்ல, கூடப் பிறந்தது என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ் ஓட்டுகிறார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ரேஷன் அரிசியை வீட்டில் மறுபடி எடை போட்டதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். எடை குறைவாகத்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

சுந்தரபாண்டியத்தில் எங்கள் அப்பாவின் வயல் இருக்கிறது. அவருக்குப் பிறகு அதை நானும் அண்ணனும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேற்குப் பக்கம் அவனுக்கு, கிழக்குப் பக்கம் எனக்கு. கிணறு என் பங்கில் விழுந்தது. ஆனால் தண்ணீர் இருவருக்கும் பொது. மோட்டார் தண்ணீர் ஒரு தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து அவன் பக்கம் ஒரு மடை, என் பக்கம் ஒரு மடை. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. நான் விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு டியூட்டிக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயலில் கிடப்பேன்.

ஒரு காலத்தில் கோடையில் இரண்டு வயலிலும் ஆட்டுக்கிடை போடுவோம். கீதாரி தன் மந்தையைக் கொண்டுவந்து சில இரவுகள் வயலில் அடைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு சேரும். நாலு வருடத்துக்கு முன் அதை நான் நிறுத்திவிட்டேன். சாயங்காலம் என் கண் முன்னால் அடைத்த ஆடுகளில் பாதி விடிவதற்குள் அண்ணன் பக்கம் போய்விடுகின்றன என்று எனக்குச் சந்தேகம். காலையில் குனிந்து பார்த்தால் அவன் பக்கம் புழுக்கை கனமாகக் கிடப்பதுபோலத் தெரியும். போதாததற்கு, கிடை போட்ட இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்தது. விதையைச் சுமந்து வரும் ஆடு எதற்கு என்று யூரியா மூட்டையோடு நின்றுகொண்டேன். அண்ணன் நிறுத்தவில்லை. அவன் பக்கம் வருடா வருடம் கிடை போட்டான்.

வயலின் வடகிழக்கு மூலையை நாங்கள் சனிமூலை என்போம். முதல் நாற்றை அங்கேதான் நட வேண்டும். பொங்கல் அடுப்பு அங்கேதான். முதல் கூடை எருவும் அங்கேதான் விழ வேண்டும். வயலுக்கு எரு அடிப்பதை நிறுத்திய பிறகும் சாஸ்திரத்துக்கு அந்த மூலைக்கு மட்டும் வருடம் தவறாமல் ஒரு கூடை சாணியும் அடுப்புச் சாம்பலும் போட்டுவந்தேன். சாமியையாவது சந்தேகப்படாமல் இருப்போம் என்றுதான்.

போன பிசானப் பருவ நெல்லுக்கு இருவரும் ஒரே விதை வாங்கி ஒரே வாரத்தில் நட்டோம். மழைதான் முதலில் ஏமாற்றியது. ஐப்பசியில் தொடங்கி விட்டு விட்டு நின்று பெய்ய வேண்டிய மழை, கார்த்திகையில் மூன்றே நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மலைக்குப் பின்னால் ஓடிப்போனது. நான் யூரியா போட்ட மறுநாள் அது தொடங்கியது. வரப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் மேற்கிலிருந்து அண்ணன் வயல் வழியாக என் வயலில் இறங்கி, கண்மாய் ஓடைக்குப் போனது. செல்போன் அன்றைக்கு "லேசான தூறல்" என்று காட்டியது. மனுஷன் வாயைத்தான் நம்பக் கூடாது என்று நினைத்திருந்தேன். செல்போனையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மழை போன இருபதாம் நாள் என் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றது. இலையில் துருப்பிடித்ததுபோலப் புள்ளிகள். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் பயிர் பச்சையாக நின்றது. ஒரே விதை, ஒரே கிணறு, ஒரே வானம். எனக்கு வயிறு எரிந்தது.

உள்ளூர் உரக்கடைக்காரர் அண்ணனின் சிநேகிதர் என்பதால் நான் இராஜபாளையம் வரை போய்த்தான் உரம் வாங்குவேன். அந்தக் கடைக்காரரிடம் இலையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஜிங்க் பத்தாக்குறைக்கா. ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்ட மணல்ல கலந்து போடுங்க, எந்திரிச்சிரும்" என்றார்.

கடையின் உள்ளே ஜிங்க் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பரிசோதனைக்காரி நான். மண்ணையே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, குளித்துவிட்டுப் போய், சனிமூலையில் மண்வெட்டியைப் போட்டேன். வயலில் எதைத் தொடங்கினாலும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது அப்பா காலத்து வழக்கம். மண் கறுப்பாக, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கிலோ எடுத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். சில நாளில் கார்டு வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, ஜிங்க் எல்லாவற்றுக்கும் எதிரே "போதுமானது" என்று போட்டிருந்தது.

அப்படியானால் கடைக்காரர் திருடன் என்பது உறுதியானது. ஜிங்க் வாங்கவில்லை. அடுத்த கேள்வி, மண் நன்றாக இருக்கும்போது என் பயிரைக் கெடுப்பது யார் என்பது.

தை மாதம் அதற்கும் பதில் கிடைத்ததாக நினைத்தேன். அந்தத் தையில் பங்குனி வெயில் அடித்தது. பனி இல்லை. விடியற்காலையிலேயே காற்று சூடாக வந்தது. பயிர் பூக்கிற நேரம். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை போய்ப் பார்க்கிறேன், அண்ணன் முறை நாள், என் வாய்க்கால் ஈரமாக இருக்கிறது. வயலுக்குள்ளும் தண்ணீர் நிற்கிறது. ஒரு நாள் விட்டு வந்த அடுத்த முறையும் அப்படியே. கிணறு வற்றுகிற காலத்தில் தன் முறைத் தண்ணீரை எவனாவது அடுத்தவன் வயலுக்கு விடுவானா? விட்டான் என்றால் அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. களைக்கொல்லி தெளித்த டிரம்மைக் கழுவி என் பக்கம் தள்ளுகிறான் என்று தீர்மானித்தேன்.

கிளினிக்கிலிருந்து மூத்திரப் பரிசோதனை பாட்டில்கள் சிலவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவன் முறை நாளில் என் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் ஒரு பாட்டில் பிடிப்பேன். "அண்ணன் முறை, என் வாய்க்கால்" என்று லேபிள் ஒட்டி, தேதி போட்டு, கிளினிக் பிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பேன். மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கிற பட்டையை ஒரு பாட்டிலில் முக்கியும் பார்த்தேன். எங்கள் கிணற்றுக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மதுரையில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். ஆறு பாட்டில் சேர்ந்தது.

மாசியில் அறுவடை. என் நெல்லில் பாதிக்குப் பாதி மணி பிடிக்காத சாவி. தூற்றும்போது காற்றோடு பறந்தது. அண்ணனுக்கு நல்ல விளைச்சல், மேற்கு ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. சாமிக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவன் மேல் வெறுப்பு இருந்தது. அதை ஒளிப்பானேன்.

கிணற்றடியில் வைத்துக் கேட்டுவிட்டேன். கார்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அண்ணே, மண்ணு நல்லாருக்குன்னு இதுலயே போட்டிருக்கு. ஒரே வெத, ஒரே கெணறு. உனக்கு வெளையுது, எனக்குச் சாவியாப் போகுது. தண்ணியில என்னத்தக் கலக்குத?"

அவன் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கார்டைப் பார்த்தான். சனிமூலைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"மண்ணு நல்லாருக்குன்னா சரிதாம்ட்டி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுத்துப் பேசாதவன் குற்றவாளி என்பது என் கணக்கு. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம், வயலை விற்கப் போகிறேன், பிளாட் போடுகிற புரோக்கர் யாரையாவது பாருங்கள் என்றேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்தான். அவருக்குத் தெரிந்த புரோக்கர் இல்லாமலா?

"கெணறு உன் பங்குலல்லா கெடக்கு? பிளாட் போட்டா மொதல்ல அதத்தான் மூடுவான். பொறவு உங்க அண்ணன் தண்ணிக்கு எங்க போவாரு?" என்றார் அவர்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்" என்றேன்.

பங்குனி உத்திரம் கழிந்ததும் பார்ட்டியைக் கூட்டிவருவதாகப் புரோக்கர் சொல்லியனுப்பினார். நானும் சரி என்றேன்.

அப்படி நாள் குறித்த பிறகு, மகாராஜபுரத்திலிருந்து ஒரு விவசாயி கிளினிக்குக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கால் விரலில் ஆறாத புண். போன வாரம் எடுத்த சர்க்கரை ரிப்போர்ட் தங்கம் மாதிரி இருந்தது. டாக்டருக்கு நம்பிக்கை வராமல் மூன்று மாதப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு பயங்கரமாக வந்தது. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"போன தடவ மூணு நாளு பாகற்காய் தின்னுட்டுத்தான வந்தீக? யாரை ஏமாத்துறீக? என்னையா, உங்க கால் வெரலையா?"

அவர் கோபப்படவில்லை. வெட்கப்பட்டார்.

"ஏமாத்தணும்னு இல்ல தாயி. டெஸ்டுக்குக் குடுக்கிறோம், நல்லதாப் பாத்துக் குடுப்போம்னுதான். கெட்ட ரத்தத்தக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவர் போன பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்லதாகப் பார்த்துக் கொடுப்போம். குளித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து, வயல் முழுக்கச் சாணியே பார்க்காத நாலு வருடத்தில் வருடம் ஒரு கூடை சாணி தின்ற மூலையில் மண்வெட்டியைப் போட்டவள் யார்? கைப்பையில் இருந்த கார்டை எடுத்தேன். அது வரை அதன் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எருக் கொட்டிய இடத்தில் மண் எடுக்கக் கூடாது, வயலில் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சனிமூலையை விட்டுவிட்டு வயலின் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில் தோண்டினேன். மண் வெளிறிப்போய், ஓடு மாதிரி உடைந்தது. எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முடிவு வாங்கப் போனபோது அங்கே இருந்த பெண் இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே வயலா? உண்மையச் சொல்லுங்க."

நான் என் அறையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை. உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவளுக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

"ஜிங்க் ரொம்பக் கம்மி. சாம்பல் சத்தும் கம்மி. கரிமச்சத்து இல்லவே இல்லைங்கிற மாதிரிதான் இருக்கு" என்றாள். "மழ முன்ன மாதிரி பதமாப் பேஞ்சா இந்த மண்ணே எப்படியோ ஒப்பேத்திரும். இப்ப பெய்றதெல்லாம் ஒரேயடியாக் கொட்டுது, இல்லன்னா காயுது. மக்குன எரு இல்லாத மண்ணு எதையும் புடிச்சு வைக்காது. நீங்க போட்ட யூரியா அந்த மூணு நாள்லயே ஓடைக்குப் போயிருக்கும். பொறவு வெயில் வந்ததும் ஈரமும் நிக்காது. பக்கத்து வயல்ல என்ன போடுதாக?"

"ஆட்டுக்கிடை" என்றேன்.

"பின்ன என்ன" என்றாள்.

வெளியே வந்து மரத்தடியில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சொன்னது உண்மை. கிடையை நிறுத்தியது நான். தப்பான மண்ணைக் கொடுத்தது நான். ஆனால் என் புத்தி அப்போதும் விடவில்லை. சரி, மண் என் தப்பு. அவன் முறை நாளில் என் வாய்க்கால் ஏன் ஈரமாக இருந்தது? அதற்கு அவன்தானே பதில் சொல்ல வேண்டும்? நேராகச் சுந்தரபாண்டியத்துக்கு வண்டியை விட்டேன்.

அண்ணன் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கார்டை அவன் பக்கத்தில் வைத்தேன். சனிமூலை மண்ணைக் கொடுத்துவிட்டேன், அந்தக் கார்டு பொய் என்றேன்.

"தெரியும்" என்றான். "நீ தோண்டுறப்ப நான் இங்கனதான நின்னேன்."

"பாத்துக்கிட்டா சும்மா இருந்த?"

அவன் ஆப்பைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"அது கெடக்கட்டும். தை மாசம் உன் முறையில என் வாய்க்கால் ஈரமாக் கெடந்துச்சே. என்னத்த விட்ட?"

"தண்ணி" என்றான்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பூக்கிற நேரம். வெயில் அந்தப் போடு போட்டுச்சு. என் மண்ணு ரெண்டு நாளு ஈரம் தாங்கும், உன் மண்ணு ஒரு நாளு தாங்காது. மொத்தமாச் சாவியாப் போயிருமேன்னு உன் மடையச் செத்த நேரம் தெறந்துவிட்டேன். மேற்க எட்டல, அந்த ஓரம் மட்டும் காஞ்சிருச்சு."

வெள்ளையாகக் காய்ந்த அந்தப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது. சாமிக்குக் கண் இருக்கிறது என்று நான் நினைத்த பட்டை.

"சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றேன்.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான்.

"சொன்னா நம்பியிருப்பியாட்டி?"

மாட்டேன். வாய்விட்டே சொன்னேன், நம்பியிருக்க மாட்டேன் என்று. நான் விற்கப் பேசியிருப்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வயலை அளந்து பார்க்க வந்த புரோக்கர் ஆள் அவனிடம்தான் வழி கேட்டிருக்கிறான். அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, விற்கவில்லை, புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். "எனக்குத் தெரியும், நான் அவர்ட்ட இன்னும் உறுதியாச் சொல்லவே இல்ல" என்றார் அவர். என்னைத் தவிர எல்லோரும் என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கிளினிக்கில் பிரிட்ஜைத் திறந்தேன். அடித்தட்டில் ஆறு பாட்டிலும் லேபிளோடு வரிசையாக நின்றன. கிணறு வற்றிய மாதத்தில், தன் பயிரைக் காயப்போட்டு, அவன் எனக்கு விட்ட தண்ணீர். அதை நான் விஷம் என்று பூட்டி வைத்திருந்தேன். வாஷ்பேசினில் ஊற்றப் போனேன். மனம் வரவில்லை. ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

அறுத்த நெல் தாளுக்கு நடுவில் பாட்டிலைத் திறந்துகொண்டு நிற்கும்போது அண்ணன் வரப்பில் வந்தான்.

"என்னதுட்டி அது?"

"உன் தண்ணி" என்றேன்.

லேபிளை எட்டிப் படித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்கயும் ஊத்து, சனிமூலையில மட்டும் ஊத்தாத" என்றான். "அங்க எல்லாம் போதுமானதா இருக்கு."

சொல்லிவிட்டு, கிடைக்காரர் சித்திரையில் வருகிறார், முதலில் உன் வயலில்தான் அடைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றான். எதற்கு முதலில் என் வயலில், இதில் அவனுக்கு என்ன லாபம் என்று மனசுக்குள் ஒன்று தலை தூக்கியது. ஆறாவது பாட்டிலையும் திறந்து மண்ணில் ஊற்றினேன்.